வண்டிக்கு அலாரம் வாங்கப் போகிறீர்களா?

இந்த முறை சமையலறைப் பக்கம் போகப் போவதில்லை, கை வைத்தியமும் இல்லை. கொஞ்சம் வாசலுக்கு வாருங்கள். அங்கே நிற்கிறதே உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள், அதைப் பற்றித்தான் பேச்சு.

"இது ஆம்பளைங்க சமாசாரம் ஆச்சே, நம்ம பக்கத்தில் எதற்கு?" என்று முகம் சுளிக்காதீர்கள். எங்கள் செஞ்சியில் வந்து ஒரு நாள் பாருங்கள். விடிகாலையில் பால் கேன் போவது அதில். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது அதில். திண்டிவனம் சுமார் 28 கிலோமீட்டர், திருவண்ணாமலை நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு. வேலைக்குப் போகிறவர் பஸ்ஸை நம்பாமல் வீடு வந்து சேர்வதும் அதில்தான். நடு ராத்திரி குழந்தைக்கு ஜுரம் ஏறினால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு வேறு என்ன இருக்கிறது? கிரைண்டர் மாதிரி, கேஸ் அடுப்பு மாதிரி, அதுவும் ஒரு வீட்டுச் சாமான். ராத்திரி நாய் குரைத்தால் எழுந்து ஜன்னல் வழியாக வண்டி நிற்கிறதா என்று பார்க்கிறவளும் முக்கால்வாசி நாம்தானே!

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் ஒரு சின்னப் பெண், கைக்குழந்தைக்காரி. ஐப்பசி மழையில் எல்லோரும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கின ஒரு ராத்திரி, வாசலில் நின்ற வண்டி காணாமல் போய்விட்டது. வண்டி போனதே தவிர டியூ போகவில்லை. இன்னும் பதினோரு மாதம் கட்டியாக வேண்டும், இல்லாத வண்டிக்கு! போன மாதம் அவள் வந்து, "அக்கா, அவரு திரும்ப ஒரு பழைய வண்டி பாக்கறாரு. நல்ல அலாரமா ஒண்ணு எதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்களேன்" என்றாள். அவளுக்காக நாலு கடை ஏறி இறங்கினேன், இரண்டு மெக்கானிக் தம்பிகளைத் தொந்தரவு செய்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்றை மனசில் போட்டுக்கொள்ளுங்கள். அலாரம் கத்தும், அவ்வளவுதான் அதன் வேலை. வண்டியைப் பிடித்து நிறுத்தாது. சத்தம் கேட்டு யாராவது எழுந்து விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து, "யாருடா அது?" என்று கேட்க வேண்டும். அதுவரைக்கும் வந்தவன் கையைக் கட்டிப்போடுவது பூட்டும் சங்கிலியும்தான். எங்கள் ஊர்க் கோட்டையையே பாருங்களேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் 12 சேர்ந்தன, அதில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரி உச்சிக்குப் போகிற வழியில் ஆழமான ஒரு பிளவு, அதன் குறுக்கே சின்னதாக ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் வந்தவன் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அவுரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் முற்றுகை போட்டது 1690-ல், கோட்டையைப் பிடித்தது 1698-ல். உள்ளே இருந்த ராஜாராம் (சிவாஜியின் இளைய மகன்) அதற்குள் தப்பியே போய்விட்டார்! நம் வண்டிக்கு எட்டு வருஷம் வேண்டாம். எட்டு நிமிஷம் கிடைத்தாலே பெரிசு.

ஆகவே கையில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் முதல் செலவு சங்கிலிக்கு. சைடு லாக் போடுவது எல்லோருக்கும் பழக்கம்தான், ஆனால் அது பலமான ஒரு உதைக்குத் தாங்குவதில்லை என்கிறார்கள் மெக்கானிக்குகள். சங்கிலி வண்டியின் சக்கரத்துக்குள் நுழைந்து, வீட்டோடு சேர்ந்த ஏதாவது ஒன்றையும் சுற்றி வர வேண்டும். ஜன்னல் கம்பியோ, கேட்டின் இரும்புத் தூணோ, திண்ணைத் தூணோ, எது வாய்க்கிறதோ அது. சக்கரத்தை மட்டும் பூட்டி வைத்தால் இரண்டு ஆள் சேர்ந்து வண்டியைக் குண்டுக்கட்டாகத் தூக்கி மினி லாரியில் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

இனி அலாரத்துக்கு வருவோம். கடைக்குப் போகும் முன் வண்டியின் முன் சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். சக்கரத்தின் நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு இரும்புத் தட்டு தெரிகிறதா? அதுதான் டிஸ்க். இருந்தால், அந்த ஓட்டையில் முள்ளை நுழைத்து மாட்டுகிற டிஸ்க் லாக் அலாரம் வாங்கலாம். உள்ளங்கை அளவுதான் இருக்கும். பூட்டும் சைரனும் ஒன்றாக இருக்கிறது. அதற்கென்று தனியாக செல். வண்டியின் ஒயரில் கை வைக்க வேண்டியதே இல்லை. ஆனால் நம் பக்கம் ஓடுகிற சின்ன வண்டிகளில் பாதிக்கு மேல் டிரம் பிரேக். டிவிஎஸ் எக்ஸ்எல் மாதிரி வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தைப் பார்த்து டிஸ்க் லாக் வாங்கிக்கொண்டு வந்தால் மாட்ட இடமே இருக்காது. அவர்களுக்கு அலாரம் வைத்த தொங்கு பூட்டு கிடைக்கிறது. சாதாரண திண்டுக்கல் பூட்டு மாதிரிதான் மாட்டுகிறோம், சங்கிலியை ஆட்டினால் கத்துகிறது. எனக்கு அதுதான் பிடித்தது. ஊருக்குப் போகும்போது அதையே கழற்றி வாசல் கதவில் போட்டுவிடலாம் பாருங்கள்!

இன்னொரு வகை, வண்டியின் பேட்டரியோடு ஒயர் இணைத்துப் பொருத்துகிற அலாரம். கையில் ரிமோட் தருவார்கள். பையன்களுக்கு இதில்தான் ஆசை, பட்டனைத் தட்டினால் 'கீக் கீக்' என்று பதில் சொல்கிறதே! சைரன் பெரிசு, சீட்டுக்கு அடியில் ஒளித்து வைக்கலாம், சிலவற்றில் என்ஜின் கிளம்பாமல் தடுக்கிற ஏற்பாடும் உண்டு. நல்லதுதான். ஆனால் அது ராத்திரி பகல் விழித்திருக்க வேண்டும், அதற்குச் சாப்பாடு வண்டி பேட்டரியிலிருந்து. 100 சி.சி. வண்டிகளில் பலவற்றின் பேட்டரி 3 ஆம்பியர்-மணிதான். அலாரம் 10 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 0.24 ஆகிறது, பன்னிரண்டு நாளில் பேட்டரி சுத்தமாக வடிந்துவிடும். தினமும் ஓடுகிற வண்டிக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஓட ஓடச் சார்ஜ் ஏறிவிடும். பிரசவத்துக்கு நீங்கள் அம்மா வீட்டுக்குப் போய், அவரும் கூடவே வந்து இரண்டு வாரம் தங்கினால், திரும்பி வரும்போது வண்டியும் எழுந்திருக்காது, அலாரமும் ஊமையாகிவிடும். புது வண்டியாக இருந்தால் வெளியாளை விட்டு ஒயரை வெட்டினதற்காக, பின்னால் மின்சாரக் கோளாறு வந்தால் வாரன்டி கிடையாது என்று சொல்லவும் வழி இருக்கிறது. கம்பெனியிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ரிமோட் அலாரம் சிலவற்றில் தூரத்திலிருந்தே வண்டியை ஸ்டார்ட் செய்கிற வசதியும் சேர்த்து விற்கிறார்கள். குழந்தை இருக்கிற வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம் என்பேன். கியரில் நிற்கிற வண்டி அப்படியே முன்னால் பாயும். நியூட்ரலில் நின்றால் ஆபத்து இல்லை என்கிறீர்களா? திருட்டுக்குப் பயந்து வண்டியை வீட்டு நடையிலேயே ஏற்றி நிறுத்துகிற வீடுகள் எங்கள் தெருவில் பத்தாவது இருக்கும். மூடின நடையில் என்ஜின் ஓடினால் வருகிற புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. பக்கத்து அறையில் குழந்தை தூங்கும். ரிமோட்டோ, அப்பா சட்டையிலிருந்து எடுத்து மூன்று வயசுப் பிள்ளை விளையாடுகிற பொருள்!

சரி, சத்தம் எவ்வளவு வேண்டும்? அட்டையில் 110 டெசிபெல், 120 டெசிபெல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதிகம் இருந்தால் நல்லது என்று நாமும் நினைத்துவிடுவோம். தொழிற்சாலையில் வேலை செய்கிற பெரியவர்களுக்கே 85 டெசிபெல் சத்தம் எட்டு மணி நேரம்தான் எல்லை, 3 டெசிபெல் ஏறினால் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கில் 110-க்கு ஒன்றரை நிமிஷம்தான். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கு ஆகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபெல் குறையும், சுவரும் கதவும் இன்னும் குறைக்கும். ஆகவே உள்ளே தூங்குகிற குழந்தையின் காதுக்கு ஒன்றும் ஆகிவிடாது, திடுக்கிட்டு எழுந்து அழும், அவ்வளவுதான். நான் பயப்படுவது வேறு. டிஸ்க் லாக் மாட்டுகிற உயரமும், சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்து மண்ணில் விளையாடுகிற குழந்தையின் காது உயரமும் ஒன்று. கை நீட்டி அதை ஆட்டாத குழந்தை எங்கே இருக்கிறது? பகலில் வாசலில் நிற்கும்போது சைரனைப் போடாதீர்கள். 110-க்கு மேல் தேடவும் வேண்டாம். தூங்குகிற தெருவுக்கு அது தாராளம். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல்தான் என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொட்டதும் முழு மூச்சில் கத்துகிறதை வாங்காதீர்கள். முதல் அசைவுக்கு 'பீப் பீப்' என்று எச்சரித்து, மறுபடியும் ஆட்டினால் மட்டும் பத்து விநாடிபோல அலறி, தானாக அடங்கி, திரும்பவும் காவலுக்குத் தயாராகிறது பாருங்கள், அது நல்லது. கடைக்காரரைச் செல் போடச் சொல்லி, பூட்டி, நீங்களே கையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள். நான் ஒரு கடையில் ஆட்டி, பக்கத்து ஜவுளிக்கடை ஆளெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்! மலிவான சிலவற்றின் உள்ளே இருப்பது பேனா ஸ்பிரிங் மாதிரி ஒரு கம்பிச் சுருள். அசைந்தால் பக்கத்துக் கம்பியைத் தொட்டு மின்சாரம் பாயும். நெல் லாரி போனாலும் கத்தும், ஆடிக் காற்று அடித்தாலும் கத்தும். கோட்டை வாசலில் வண்டியை நிறுத்தினால் நம் ஊர்க் குரங்கு சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், கேட்க வேண்டுமா? இப்படி நாலு ராத்திரி வீணாகக் கத்தினால், ஐந்தாவது ராத்திரி நிஜமாகவே திருடன் வரும்போது பக்கத்து வீட்டுக்காரர், "அவங்க வண்டி எப்பவும் இப்படித்தான்" என்று திரும்பிப் படுத்துவிடுவார். எவ்வளவு அசைந்தால் கத்த வேண்டும் என்று கூட்டிக் குறைக்கிற வசதி இருந்தால் கொஞ்சம் விலை கொடுத்தாலும் தகும். மழைக்கு, அட்டையில் ஐ.பி. என்று போட்டு இரண்டு எண் இருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 65 என்றால் தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும் என்று அர்த்தம். ஒன்றுமே போடாததை ஐப்பசி, கார்த்திகையில் திறந்த வாசலில் நம்ப முடியாது.

சிம் போட்டு செல்போனுக்குச் சேதி அனுப்புகிற ஜி.பி.எஸ். கருவி பற்றியும் கேட்பீர்கள். வண்டி போன பிறகு தேட உதவும். அதற்கும் ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்க வேண்டும். வசதி இருந்தால் வாங்கலாம்.

இப்போது சொல்லப் போவதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். இந்தப் பூட்டுகளிலும் ரிமோட்டுகளிலும் பெரும்பாலும் இருப்பது பட்டன் செல். பளபளவென்று காசு மாதிரி இருக்கும். தவழுகிற குழந்தை எடுத்தால் நேரே வாய்க்குத்தான். அதிலும் ரிமோட்டில் போடுகிற பெரிய லித்தியம் செல் தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால், எச்சிலின் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்து புண்ணாகிவிடும். தீர்ந்துபோன செல்லிலும் இதற்குப் போதுமான சக்தி மிச்சம் இருக்கும். விழுங்கினதை நாம் பார்த்திருக்கவே மாட்டோம். குழந்தை எச்சில் ஒழுக விடும், சாப்பிட மறுக்கும், இருமும். சளி என்று நினைத்துக் கஷாயம் வைத்துக்கொண்டிருப்போம். சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிட்டு, எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எங்கள் பக்கத்தில் பெரிய சிகிச்சை என்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, சோறு, வாழைப்பழம் எதுவும் கொடுக்கக் கூடாது. ஒரு வயசு தாண்டின குழந்தைக்கு மட்டும், போகிற வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேனைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். ஒரு வயசுக்குக் கீழே தேன் கூடவே கூடாது. மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான், சொட்டு மருந்து எதுவும் விடாதீர்கள்.

ஆகையால் செல் மூடி திருகாணி போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். நகத்தால் திறக்கிற மூடி நமக்கு வேண்டாம். பழைய செல்லை ஜன்னல் மேடையில் வைக்காமல், இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி உடனே அப்புறப்படுத்திவிடுங்கள்.

டிஸ்க் லாக் வாங்கினவர்களுக்கு இன்னொரு வேலை. விடிகாலை அஞ்சு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் பூட்டைக் கழற்ற மறந்து வண்டியை எடுத்தால், ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் சக்கரம் டக்கென்று நின்று ஆள் கீழே விழுவார். கூடவே ஒரு சுருள் கயிறு தருவார்கள், கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத்தில். பூட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை மாட்டி வைத்தால் உட்கார்ந்ததுமே கண்ணில் படும். "எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்பார். மாட்டிவிடுங்கள்.

மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகிறீர்களா? அங்கே வண்டிகள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். பக்கத்து வண்டிக்காரர் தன் வண்டியை இழுத்தாலே உங்களுடையது அலறும். சில பூட்டுகளில் முள்ளைத் திருப்பிப் போட்டால் சைரன் இல்லாமல் வெறும் பூட்டாக இருக்கும். அங்கே அப்படிப் போடுங்கள். டோக்கன் கொடுக்கிற காவல் இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். திருவண்ணாமலை கிரிவலமும் இப்படித்தான். 14 கிலோமீட்டர் நடந்து முடிக்க நாலைந்து மணி நேரம் ஆகும், அதுவரை வண்டி அனாதையாக நிற்கும்.

கடைசியாக, பீரோவைத் திறந்து இன்சூரன்ஸ் காகிதத்தை எடுங்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புதுசாக வாங்குகிற இரண்டு சக்கர வண்டிகளுக்கு ஐந்து வருஷத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். "அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று நாமும் நிம்மதியாக இருக்கிறோம். அது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகிற நஷ்டத்துக்கு மட்டும். வண்டி திருடு போனால் அதில் ஒரு பைசா வராது. மூன்றாவது வீட்டுப் பெண்ணுக்கு நடந்தது இதுதான். முதல் வருஷத்தோடு சொந்தச் சேத இன்சூரன்ஸ் முடிந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. 2019 செப்டம்பரிலிருந்து அந்தச் சொந்தச் சேத பாலிசியைத் தனியாகவே எடுக்கலாம். திருட்டு அதில் அடக்கம். அவளுக்கு நான் சொன்னது, பழைய வண்டி வாங்கினால் முதலில் அது, பிறகு சங்கிலி, பிறகு அலாரப் பூட்டு என்று. அவள் வீட்டுக்காரர் இன்னும் ரிமோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

திருடு போய்விட்டால் அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகலை வாங்குங்கள், புகார் கொடுத்தவருக்கு அது இலவசம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும், டியூ கட்டுகிற இடத்துக்கும், ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். ஆர்.சி. புத்தக நகல், என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இன்சூரன்ஸ்காரர்கள் வண்டியின் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று குறைந்தால், வண்டியில் விட்டுவிட்டு வந்தீர்களா என்று ஆயிரம் கேள்வி வரும். அந்த இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று இந்தப் புத்தகத்தை மூடியதும் போய்த் தேடிப் பாருங்கள். எங்கள் வீட்டில் எந்த டப்பாவில் வைத்திருக்கிறேன் என்பதை மட்டும் இங்கே எழுத மாட்டேன்.